போட்டியாளரின் ஆட்சேபமும் ஒரு சான்றிதழும்

அமெரிக்காவின் லூயிவில் நகரில் நேபாளி பேசும் அகதிக் குடும்பங்கள் ஏராளம். பலர் பூட்டானிலிருந்து விரட்டப்பட்டவர்கள். அவர்களுக்கு வீட்டுக்கே போய், அவர்கள் மொழியிலேயே பேசிப் பராமரிக்க நேபாளி தெரிந்த இருவர் நிறுவனம் தொடங்க முன்வந்தார்கள். கென்டக்கி மாநில அரசு அனுமதி மறுத்தது. தகுதிக் குறைவு காரணமல்ல. அந்த வட்டாரத்துக்கு இன்னொரு நிறுவனம் தேவையில்லை என்று கணக்குச் சொன்னதாம். இதே சேவையை ஏற்கெனவே நடத்திவந்த பெரிய மருத்துவமனைக் குழுமமும் ஆட்சேபம் தெரிவித்திருந்தது.

இதுதான் ‘தேவைச் சான்றிதழ்’ சட்டம். படுக்கைகளைக் கூட்டவோ, ஸ்கேன் கருவி வாங்கவோ, அறுவை சிகிச்சை மையம் திறக்கவோ, ஊருக்கு அது தேவை என்று விண்ணப்பிப்பவர் நிரூபிக்க வேண்டும். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மருத்துவ உரிமம், தர ஆய்வு எல்லாம் தனி.

1964-இல் நியூயார்க் தொடங்கிவைத்தது. 1974-இல் மத்திய அரசே சட்டம் இயற்றி, இதைக் கொண்டுவர மாநிலங்களை நெருக்கியது. காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனைக்கு ஆன செலவை அப்படியே கொடுத்துவந்த காலம் அது. கட்டிய படுக்கையை எப்படியாவது நிரப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1983-இல் நோய்க்கு இவ்வளவு என்று தொகையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் முறைக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மாறியது. 1986-இல் மத்தியச் சட்டமும் ரத்தானது. இருந்தும் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் சான்றிதழ் ஏதோ ஒரு வடிவில் நீடிக்கிறது.

விளைவைப் பாருங்கள். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், மருத்துவமனைகளைவிடக் குறைந்த கட்டணத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க முனைந்தார். சான்றிதழ் இல்லாமல் கருவியை நிரந்தரமாக நிறுவ முடியவில்லை. எனவே வண்டியில் வரும் கருவியை வாடகைக்கு எடுத்தார். விதிப்படி அதையும் வாரம் ஒருமுறையாவது இடம் மாற்றியாக வேண்டியிருந்தது! நோயாளிக்கு இதனால் என்ன லாபம்? 2018-இல் அவர் வழக்குத் தொடுத்தார்.

புதியவர்கள் பணமுள்ள நோயாளிகளை மட்டும் கொத்திக்கொண்டு போனால் கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கவலை உண்மையானது. அதற்கு நேரடி மானியம் கொடுக்கலாம். வாசலை அடைப்பது தீர்வல்ல. சட்டத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று மத்திய வர்த்தக ஆணையமும் மத்திய நீதி அமைச்சகமும் 2004-லேயே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டன. ஃபுளோரிடா 2019-லும் தென் கரோலினா 2023-லும் பெரும்பகுதியை நீக்கிவிட்டன.

லூயிவில்லில் அனுமதி மறுக்கப்பட்ட இருவர் தொடுத்த வழக்கு 2022-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. சட்டத்தின் பலன் குறித்து நீதிபதி ஜெஃப்ரி சட்டன் ஐயம் தெரிவித்தார். ஆனாலும் அதை மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று சொல்லி, சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தார்.