முகம் பார்த்தே நாடி சொல்லும் கேமரா!



எங்க அப்பா டிப்பர் லாரி ஓட்டுநர். உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். போன வருஷம் ஒருநாள் லோடோடு போகும்போது அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, வேர்த்துக் கொட்ட, அரை மணி நேரம் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கிடந்திருக்கிறார். அப்புறம் ஒரு சோடா குடித்துவிட்டு மறுபடியும் ஓட்டியிருக்கிறார். "காத்து புடிச்சிக்கிச்சி, வேற ஒண்ணும் இல்ல" என்றாராம். வீட்டில் மூச்சு விடவில்லை. கூடப் போன கிளீனர் அண்ணன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அம்மா சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஈ.சி.ஜி.யில் கோளாறு இல்லை, பிரஷர்தான் அதிகம் என்றார்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.

2024 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி வேன் ஓட்டும்போதே ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்தது. அந்த நிலையிலும் வேனை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு அவர் இறந்துபோனார். பேப்பரில் அதைப் படித்த நாள் முதல் எனக்கு ஒரே யோசனை. லாரியில் இன்ஜின் சூட்டுக்கு மீட்டர் உண்டு, ஆயிலுக்கு உண்டு, பிரேக் காற்றுக்கும் உண்டு. ஓட்டுகிறவருக்கு ஏன் ஒரு மீட்டர் இல்லை?

இயற்பியல் சாரிடம் கேட்டேன். "இருக்கும்மா, அதுவும் தொடாமலே பார்க்கிற மீட்டர். போய்த் தேடிப் படி" என்றார். படித்ததைத்தான் எழுதுகிறேன்.

கொரோனா நேரத்தில் விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்களே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதே தத்துவம்தான் இது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கு அடியில் இருக்கிற மெல்லிய குழாய்களுக்கு ஒரு அலை ரத்தம் வந்து போகிறது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆகவே ரத்தம் வந்த கணத்தில் நம் முகத்திலிருந்து திரும்பும் பச்சை ஒளி துளி குறையும், போன கணத்தில் துளி கூடும். அதாவது நம் எல்லோர் முகமும் துடிப்புக்குத் துடிப்பு நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது! மாற்றம் நூற்றில் ஒரு பங்குகூட இராது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கேமராவுக்குத் தெரியும். அது ஒரு நொடிக்கு 30 படம் எடுக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் நெற்றியும் கன்னமும் இருக்கும் இடத்தில் பச்சையின் அளவைக் கூட்டி சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரிகளை வரிசையாகக் கிராப் தாளில் குறித்தால் மேடும் பள்ளமுமாக ஒரு அலை வரும். அரை நிமிஷத்தில் 36 மேடு வந்தால் நாடி நிமிஷத்துக்கு 72. நாம் புள்ளியியலில் போடுகிற அதே சராசரிதான். (எதுக்கு இந்தக் கணக்கெல்லாம் என்று இனிமேல் நான் கேட்க மாட்டேன்.)

ஒளியை வைத்து நாடி பார்க்கும் வழியை 1930களிலேயே ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்கர் காட்டிவிட்டார். ஆனால் தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2008இல் கலிபோர்னியாவில் வெர்க்ரூய்சே என்பவரும் இன்னும் இருவரும் சாதாரண டிஜிட்டல் கேமராவையும் சுற்றியிருந்த வெளிச்சத்தையும் மட்டும் வைத்து, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தே முகத்தில் நாடியைப் படித்தார்கள். பச்சை நிறத்தில்தான் நாடி நன்றாகத் தெரிகிறது என்று கண்டதும் அவர்கள்தான். 2010இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லேப்டாப்பில் இருக்கும் கேமராவை வைத்தே செய்து காட்டினார்கள்.

நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்தவருக்கு இது சரி. எங்க அப்பா லாரிக்கு? நம்ம ஏரிக்கரை ரோட்டிலும் புளியமரம் நிற்கிற ரோட்டிலும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் போனவர்களுக்குத் தெரியும். முகத்தில் வெயில், நிழல், வெயில், நிழல் என்று அடித்துக்கொண்டே வரும். அந்த மாற்றத்துக்கு முன்னால் ரத்தம் செய்யும் மாற்றம் எம்மாத்திரம்? கூடவே பள்ளத்தில் வண்டி குலுங்கும், ஓட்டுநர் தலை திருப்புவார், வெற்றிலை போடுவார். ராத்திரியானால் வெளிச்சமே கிடையாது, விளக்குப் போட்டால் அவருக்குக் கண் கூசும்.

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் 2002இல் மின் பொறியியல் படித்து முடித்த அசோக் வீரராகவன். இப்போது அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் அவரிடம் ஆராய்ச்சி செய்த ஈவா நோவாராவும் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தாரோடு சேர்ந்து 2018இல் ஒரு முறையை வெளியிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. அது நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் ராத்திரியில் முகத்தில் அடித்தாலும் கூசாது. இன்னொரு நன்மைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சூரிய ஒளி வரும் வழியிலேயே காற்றில் இருக்கும் நீராவி இந்த 940-ஐ நிறைய விழுங்கிவிடுகிறது. எனவே இந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை கேமராவில் பொருத்தினால் வெயில்–நிழல் ஆட்டம் வெகுவாகக் குறையும்.

ஆனால் ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுக்கத்தானே வேண்டும்! அகச்சிவப்பை ரத்தம் பச்சையைப் போல உறிஞ்சுவதில்லை, நாடி அலை மங்கிவிடும். அதற்கு ஒரு உபாயம் செய்தார்கள். முகத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அலையைப் பார்த்தார்கள். சார் இல்லாத வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒரு பேச்சு. ஆனால் நாற்பது பேரும் ஒரே தாளத்தில் பெஞ்சைத் தட்டினால் அந்த இரைச்சலிலும் தாளம் மட்டும் தனியாகக் கேட்கும் இல்லையா? குலுக்கல் முகத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு விதமாகக் கலைக்கும். நாடி எல்லாப் பகுதியிலும் ஒரே வேகத்தில் இருக்கும். பொதுவாக இருக்கும் தாளத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது.

நம்மைப் போன்ற கறுப்பு நிறத்தாருக்கு இன்னொரு சிக்கல். தோலில் இருக்கும் மெலனின் ஒளியை விழுங்குவதால் கேமராவுக்குத் திரும்பும் ஒளி குறைவு. மிகக் கறுத்த தோலில் அளவு அதிகம் பிசகுகிறது என்று நோவாரா குழுவினரே 2020இல் எழுதினார்கள். வெயிலிலேயே கிடக்கிற எங்க அப்பாவின் முகத்தில் சோதித்துப் பார்க்காத கருவியை அவர் வண்டியில் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடி எண்ணிக்கை வேறு, மாரடைப்பு வேறு. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். 80 இருக்கும்போதும் மாரடைப்பு வரலாம். இதயத்தின் மின்சாரத்தைக் காட்டுவது ஈ.சி.ஜி., கேமரா காட்டுவது ரத்தம் வந்த நேரத்தை மட்டும். நாடி திடீரென்று தாறுமாறாகப் போனால் "நிறுத்து" என்று எச்சரிக்க உதவும். புதுக் கார்களில் ஓட்டுநரைப் பார்க்கும் கேமராக்கள் வந்துவிட்டன, ஆனால் அவை பெரும்பாலும் கண் மூடுகிறதா, தலை சாய்கிறதா என்றுதான் பார்க்கின்றன.

இதையெல்லாம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இன்னாம்மா, அந்தக் கேமராவ நான் பாக்கறதா, மொதலாளி பாக்கறதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. முதலாளி பார்த்தால் நாடி கூடிய ஓட்டுநருக்கு மறுநாள் வண்டி தருவாரா? பயந்துதான் அன்றைக்குச் சோடா குடித்துவிட்டு ஓட்டினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா பிரஷர் பார்க்க எங்க வீட்டுக்கு வருவார், ஆனால் அவர் வரும் நேரத்தில் அப்பா ரோட்டில்தான் இருப்பார். இப்போது அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பிடித்து உட்கார வைக்கிறார்.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள் (பள்ளிக்கு செல்போன் கூடாது!). செல்போன் கேமராவையும் ஃபிளாஷ் லைட்டையும் சேர்த்து விரல் நுனியால் லேசாக மூடி வீடியோ எடுங்கள். லைட் சுடும், அரை நிமிஷம் போதும். திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தச் சிவப்பு விட்டு விட்டு மங்குவது தெரியும். எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மணிக்கட்டிலும் எண்ணி ஒத்துப் பாருங்கள். அப்பாவுக்கு லாரியிலிருந்து இறங்கியதும் 96, திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு 84. "எனக்கே காட்டுதே!" என்று அவரே இரண்டு தடவை செய்து பார்த்தார்.

உங்கள் வீட்டில் ஓட்டுநர் யாராவது இருந்தால் அவர்களுடைய இரண்டு எண்களையும், பெயர் போடாமல், ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள். அடுத்த தாளில் கிராப் வரைந்து ஒட்டுகிறேன்.

– 11ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி