தாயின் பெயரில் ஓர் இறுவட்டு



லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண் ஒருவர் தமது முதலாவது இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரை வைத்தார். இரண்டாவதற்குத் தாயின் பெயரை வைத்தார். முதலாவது ‘அருளர்’, 2005ஆம் ஆண்டு. இரண்டாவது ‘கலா’, 2007ஆம் ஆண்டு. இரண்டாவது தொகுப்பைப் பற்றி மேல்நாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதிலுள்ள மேளத்தைப் பற்றி எழுதின. துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி எழுதின. அட்டையிலிருந்த பெயருக்குரிய அந்தத் தாயைப் பற்றித்தான் குறைவாக எழுதின.

பொப் பாட்டைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இசை பற்றிய மார்க்கச் சட்டத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். பொப் பாட்டு எங்கள் திருகோணமலைக்குப் புதிதுமல்ல. பரமேஸ்-கோணேஸ் சகோதரர்களின் பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்த ஊர் இது.

பாடகியின் முழுப்பெயர் மாதங்கி மாயா அருள்பிரகாசம். மேடையில் எம்.ஐ.ஏ. யுத்தத்தில் காணாமற்போனவர்களைக் குறிக்க இராணுவத்தார் எழுதும் மூன்று எழுத்துகள் அவை. காணாமற்போனோர் என்றால் என்னவென்று நம் பகுதி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1975இல் பிறந்த அவரை ஆறுமாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். தந்தை அருள்பிரகாசம், ஈரோஸ் இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர்; ‘லங்காராணி’ என்ற நாவலை எழுதியவர். வீட்டுக்கு எப்போதாவது வருவார். வரும்போதும், பாதுகாப்புக்காக, பிள்ளைகளுக்கு அவரை மாமா என்றே சொல்லிவைத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும், பின் 1986இல் அகதியாகப் போய்ச் சேர்ந்த லண்டனிலும் வளர்த்தவர் தாய் கலா. தையல் வேலை செய்துதான் வளர்த்தார்.

முதலாவது தொகுப்பு வெளிவந்த காலத்தில், அந்தப் பெயரை மாற்றும்படி தந்தை கேட்டுக்கொண்டார். மகள் மாற்றவில்லை. அது பெயர் பெற்றதும், அமெரிக்காவின் புகழ்பெற்ற தயாரிப்பாளர் டிம்பலண்டுடன் அடுத்த தொகுப்பைச் செய்வதாக ஏற்பாடு. 2006இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. ஏற்பாடு குழம்பியது.

விசா மறுக்கப்பட்டால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு ஏஜென்டைத் தேடுவார்கள். இவர் ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரின் துணையோடு, தன்னை உள்ளே விடும் நாடுகளுக்கெல்லாம் போய் அங்கங்கே ஒலிப்பதிவு செய்தார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அந்தப் பயணம் நீண்டது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தமது ஸ்டூடியோவைப் பயன்படுத்த விட்டார். ஆட்களையும் அறிமுகம் செய்துவைத்தார். அங்கே கோயில் திருவிழாக்களில் அடிக்கும் உறுமி மேளத்தைப் பதிவு செய்தார்கள். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களுக்கு முதுகெலும்பு அந்த மேளம்தான். நம் பக்கீர்மார் பைத் படிக்கும்போது தட்டுகிற றபானும் தோல்தான். ஆனால் அது மனதை அடக்கும். உறுமி ஆளையே எழுப்பிவிடும்.

தொகுப்பின் முதற்பாடலுக்குள் ‘தளபதி’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பாட்டு 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ என்ற ஹிந்திப் படத்துப் பாட்டு. சிறுவயதில் விருந்துகளில் அவர் ஆடிய பாட்டு அது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் முன்பே பாடியிருந்த ஒரு பாட்டை எடுத்துத் தம் குரலையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் அமெரிக்க விசா கிடைத்தது. டிம்பலண்டுடன் செய்த ஒரேயொரு பாட்டு தொகுப்பின் முடிவில் இடம்பெற்றது. மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்பது அதுதான் என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு!

அதே 2006 ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதியிலிருந்து பார்த்தால் தெரியும் துறைமுகத்தை நோக்கி ஷெல் வந்துகொண்டிருந்தது. மூதூரில் சண்டை. அங்கிருந்த முஸ்லிம்கள் ஆயிரமாயிரமாகக் கந்தளாய்க்கு ஓடினார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு நடந்த உம்மாமார் அவர்கள். இதை எதற்காக இங்கே சொல்கிறேன் என்றால், துப்பாக்கிச் சத்தத்தைப் பாட்டில் கேட்கும்போது நம் காது வேறு, நியூயோர்க்கில் இருப்பவரின் காது வேறு.

‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டைத்தான் சொல்கிறேன். ‘தி கிளாஷ்’ என்ற ஆங்கிலேயக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டின் இசையை அடியில் வைத்துக் கட்டியது. பல்லவியில் நான்கு வேட்டுச் சத்தம்; அதன் பிறகு கடைக்காரரின் காசுப் பெட்டி திறக்கும் சத்தம். கூடவே பிள்ளைகளின் குரல். எம்.டி.வி. வேட்டுகளைத் தணித்து ஒளிபரப்பியது. டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியிலும் அந்தச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். விசாவுக்காக அலைக்கழிந்த ஒருவர், குடியேறிகளைக் கண்டாலே கொள்ளைக்காரர்கள் என்று பயப்படும் நாட்டைக் கேலி செய்து பாடிய பாட்டு அது. கேலி பலருக்குப் புரியவில்லை. பாட்டு மட்டும் ஓடியது: 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம். தொகுப்போ வெளிவந்தபோது அமெரிக்காவில் 18ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 39ஆம் இடத்தையும்தான் எட்டியிருந்தது. ஆனால் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை 2007ஆம் ஆண்டின் மிகச் சிறந்த தொகுப்பு என்று அதையே தெரிவு செய்தது.

இலங்கையர் மத்தியில் வரவேற்பு இரண்டாகப் பிளந்தது. இலங்கை வம்சாவளி ராப் பாடகர் ஒருவர் 2008இல் அவரைப் பயங்கரவாதத்தின் ஆதரவாளர் என்று குற்றஞ்சாட்டினார். அவர் அதை மறுத்தார். நான் அந்த வழக்கில் நீதிபதியல்ல. ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். முதலாவது தொகுப்பின் காலத்தில் அவர் புலி உருவங்களை அலங்காரமாகப் பயன்படுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்த உருவம் அலங்காரமாகத் தெரியாது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டிலும் பிள்ளைகளின் குரலோடு வேட்டைச் சேர்த்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. கேலிதான் என்று தெரிந்த பிறகும் முடியவில்லை.

ஆனால் இரண்டாவது தொகுப்பை முழுவதும் கேட்டவர்கள் அதில் இயக்கத்தைக் காண்பதைவிட அடுப்படியைத்தான் அதிகம் காண்பார்கள். அதில் வருபவர்கள் எல்லாரும் பிழைக்க வழி தேடுகிற ஏழைகள்: தெருவில் சாமான் விற்பவர்கள், காகிதமில்லாமல் எல்லை கடப்பவர்கள், யுத்தம் முடிந்த லைபீரியாவின் பையன்கள். பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவது, எப்படி ஆளாக்குவது என்ற தம் தாயின் போராட்டமே இந்தத் தொகுப்பு என்று பாடகி சொல்லியிருக்கிறார். அருளர் கொள்கைக்காக வீட்டை விட்டுப் போனார். கலா வீட்டில் இருந்தார். முதலாமவரைப் பற்றி எழுத எல்லாருக்கும் ஆசை.

2009 பெப்ரவரியில் கிராமி விருது மேடையில், நிறைமாதக் கர்ப்பிணியாக, பிரசவத்துக்குக் குறித்த நாளிலேயே அவர் பாடினார். அதே மாதம் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானுடன் சேர்ந்து செய்த பாட்டு ஒஸ்கார் பரிந்துரையில் நின்றது. அந்த நாட்களில் வன்னியில் யுத்தம் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. பேட்டிக்கு அழைத்த இடங்களில் அவர் அதைப் பற்றிப் பேசினார். பாட்டை ரசித்த பலர் அந்தப் பேச்சை ரசிக்கவில்லை.

பத்து வருடங்கள் கழிந்து, 2019இல் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.இ. பதக்கம் அறிவித்தது. அப்போது அவர் வெளியிட்ட செய்தியில்தான் கலாவின் வேலை என்னவென்று பலருக்கும் தெரியவந்தது. இங்கிலாந்துக்கு அகதியாக வந்த 1986 முதல், அரசியார் வழங்கும் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுத்த இரண்டு பெண்களில் அவர் ஒருவர். முப்பது வருடங்களுக்கு மேலாக, ஆயிரக்கணக்கான பதக்கங்கள்! 2020 ஜனவரியில் மகள் அரண்மனைக்குப் போய் இளவரசர் வில்லியத்தின் கையால் தமக்குரியதைப் பெற்றுக்கொண்டார்.