உப்பைக் காக்கும் சிறுநீரகம்

கிளியனூரிலிருந்து கடற்கரைப் பக்கமாகச் சென்று மரக்காணத்தை அடைந்தால், வெள்ளை வெளேரென்ற உப்பளங்களைக் காணலாம். பாத்தியில் தேங்கிய உவர்நீரை வெயில் உறிஞ்சிவிடுகிறது, உப்பு தங்குகிறது. நீரைப் போக்கி உப்பை நிறுத்துவதே அங்கே தொழில். நம் உடலிலும் உப்பை நிறுத்தும் தொழில் ஒன்று இரவும் பகலும் நடைபெறுகிறது. ஆனால் அதன் நோக்கம் நேர்மாறானது: நீரைக் காப்பதற்காகவே அங்கே உப்பை நிறுத்துகிறார்கள். நிறுத்துகிறவர்கள் யார் என்றால், நம் சிறுநீரகங்கள் இரண்டுந்தாம்.

அவற்றில் ஏறத்தாழ இருபது இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை நாள்தோறும் இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்டது. இவ்வளவும் வெளியேறினால் நாம் பிழைப்பது எங்ஙனம்? ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நுண்குழல்கள் இரத்தத்துக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. எஞ்சிய சிறு பங்கைக் கூட்டுவதிலும் குறைப்பதிலுந்தான் சூட்சுமம் இருக்கிறது.

உப்பளத் தொழிலாளி ஒருவர் கோடை வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீரும் உப்பும் குறைய, இரத்தத்தின் அளவும் குறைகிறது. உடனே சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, 1953-இல் கண்டறியப்பட்ட ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரை வெளிவிடுகிறது. "உப்பை விடாதே" என்பது அதன் ஆணை. மடை அடைபடுகிறது, உப்பு நிற்கிறது, உப்போடு நீரும் நிற்கிறது.

இனி, வேறொரு நிலையைப் பார்ப்போம். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று விரைந்து, அதை ஈடுசெய்கின்றன. சிலருக்கோ நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கண் இருளும். படுத்தால் தெளியும். இதனை நிற்றல் தாங்காமை என்னலாம். இதில் ஒரு வகையினருக்கு, நின்ற பத்து நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் உயர்கிறது. 12 முதல் 19 வயதினருக்கு 40-க்கு மேல். இரத்த அழுத்தமோ பெரிதாக வீழ்வதில்லை. இளம்பெண்களிடமே இது மிகுதி.

இவர்களுள் பலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்திருக்கிறது. அப்படியானால் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் பெருக வேண்டுமல்லவா? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது வேறு. ரெனின் உயரவில்லை, ஆல்டோஸ்டிரோன், நலமுள்ளவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. குளத்தில் நீர் வற்றியும் மடையை அடைக்கச் சொல்லும் ஆணை வரவில்லை! இதன் முழுக் காரணம் இன்னும் தெளியவில்லை.

மடை சரிவர அடைபடாவிட்டால், வரத்தைக் கூட்டினால் என்ன? 2021-இல் அதே பல்கலைக்கழகத்தார் இதனையும் சோதித்தனர். இக்கோளாறுள்ள பெண்களுக்கு ஆறு நாள் மிகக் குறைந்த உப்பும், ஆறு நாள் மிக மிகுந்த உப்பும் உள்ள உணவு தந்தனர். உப்பு மிகுந்தபோது இரத்த நீர் பெருகியது. நிற்கையில் எழும் படபடப்பு தணிந்தது. ஆயினும் முற்றிலும் நீங்கவில்லை.

மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகலாம். நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டார் அதனினும் மிகுதியாகவே உண்கிறார்கள். இரத்தக் கொதிப்பு, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மிகை உப்பு பெருந்தீங்கு. ஆதலால் மருத்துவர் சொல்லாமல் உப்பைக் கூட்டுதல் ஆகாது.

பள்ளி வணக்கக் கூட்டத்தில் ஒரு பெண் தள்ளாடி உட்கார்ந்தால், சோம்பல் என்றும் பாசாங்கு என்றும் பழிக்கிறோம். ஒருமுறை மயங்கியவர்க்கெல்லாம் இக்கோளாறு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் திங்கள் கணக்கில் அது தொடருமானால், பழிக்க வேண்டியதில்லை. படுக்கையிலும் நிற்கையிலும் நாடியை எண்ணிப் பார்க்கும் மருத்துவரிடம் அவளை அழைத்துச் செல்லவேண்டும்.