சுவர் தாங்கும் படம்

2 அடி அகலமும் 3 அடி உயரமும் உள்ள படத்திற்கு 3 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி இட்டால், கண்ணாடி மட்டுமே 4 கிலோவைத் தாண்டும். சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் 6 கிலோவை எட்டக்கூடும். மேல்தளத்தையே சுமந்து நிற்கும் செங்கற்சுவருக்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆயினும் படங்கள் விழுகின்றன. குறை எடையில் இல்லை. அவ்வெடை சுவரைச் சென்றடையும் வழியில் உள்ளது. செங்கல்லும் சாந்தும் அழுத்தத்தைப் பெரிதும் பொறுக்கும். இழுப்பைச் சிறிதே பொறுக்கும். எனவே, படத்தின் சுமையைச் சுவருக்கு அழுத்தமாகவே சேர்ப்பிக்க வேண்டும்.

ஆணியின் வெளிநீண்ட பகுதி ஒரு நெம்புகோல். சுவரிலிருந்து 1 செ.மீ. தொலைவில் தொங்கும் எடை 4 செ.மீ.க்கு நகர்ந்தால், ஆணியைக் கீழ்நோக்கித் திருப்பும் விசைத்திறன் நான்கு மடங்காகும். துளையின் கீழ்விளிம்பு நொறுங்கி ஆணி தளர்வது இதனாலேயே. தலை சற்று மேல்நோக்குமாறு ஆணியைச் சாய்த்து அறைந்தால், எடையின் ஒரு கூறு அதனை உள்நோக்கித் தள்ளும். மேற்பூச்சை நம்புதல் தவறு. பிடிமானம் அதற்கப்பால் உள்ள செங்கல்லில்தான் கிடைக்கும்.

பளுவான படங்களுக்கு ஆணி போதாது. முற்காலத்தில் சுவரைக் கொத்தி மரக்கட்டையை இறுக்கி, அதில் ஆணி அறைந்தனர். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்கருவிகளைப் பொருத்த வேண்டியிருந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், சணல் நாரை விலங்கின் குருதியால் பிணைத்துச் சிறு குழலொன்றைச் செய்தார்; அதுவே ரால் பிளக். 1958-இல் செருமானியரான ஆர்தர் பிஷர் அதனை நைலானில் படைத்தார். திருகாணி நுழைய நுழையக் குழல் விரிந்து துளையின் பக்கங்களை அழுத்தும். அவ்வழுத்தத்தில் பிறக்கும் உராய்வே திருகாணியைப் பற்றி நிறுத்தும். துளை அகன்றாலோ, உள்ளே தூள் தங்கினாலோ உராய்வு குன்றும். ஆதலால் 6 மி.மீ. குழலுக்கு 6 மி.மீ. துளையே இட்டு, தூளை ஊதி அகற்றுதல் வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் மின்கம்பி ஓடக்கூடும்; அங்கே துளையிடலாகாது. உள்ளீடற்ற ஜிப்சம் பலகைச் சுவரிலோ குழல் அழுத்துவதற்குப் போதிய தடிப்பு இல்லை. பலகையின் பின்னே சிறகு விரித்துச் சுமையைப் பரப்பும் திருகாணியே அதற்கு உரியது.

இனிக் கயிறு. இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்பர். கணக்கு அதற்கு மாறானது. 6 கிலோ படம் ஓர் ஆணியில் தொங்குகையில், கயிற்றின் இரு கைகளும் கிடைமட்டத்தோடு 60 பாகைக் கோணத்தில் அமைந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 கிலோ இழுவிசையைத் தாங்கும். 30 பாகையில் அது 6 கிலோ. 10 பாகையிலோ 17 கிலோவுக்கும் மேல். ஆணி தாங்கும் சுமை எப்போதும் 6 கிலோவே. மிகுவிசை முழுதும் கயிற்றை அறுக்கவும், சட்டத்தின் வளையங்களை உள்நோக்கிப் பிடுங்கவுமே செலவாகும்.

கயிற்றைத் தவிர்த்து, சட்டத்தின் இரு வளையங்களையும் ஒரே மட்டத்தில் அமைந்த இரு கொக்கிகளில் நேரே மாட்டினால், சுமை இரண்டாகப் பகிரப்படும். மின்விசிறிக் காற்றிலும் படம் கோணாது. எடையையும் சுவரின் உட்பொருளையும் முதலில் அறிந்து, ஆணியா குழலா என்பதைப் பின்னர்த் தேர்வதே முறை.