சந்தடி இல்லாத சமுத்திரம்

காணும் பொங்கலன்று குடும்பத்துடன் மெரீனாக் கடற்கரைக்குப் போவது என்று தீர்மானித்தது என் குற்றந்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அன்று சென்னை நகரத்து ஜனங்களில் பாதிப் பேருக்கு அதே யோசனை தோன்றியிருந்தது. மற்றப் பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே அங்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஊதுகுழலின் ஓசை கேட்டது. ராட்டினத்தின் கிறீச்சொலி கேட்டது. காணாமற் போன குழந்தைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் கூவுவது கேட்டது. அலையோசை ஒன்றுதான் கேட்கவில்லை. எட்டு வயதான என் பெண் என் தோளின்மேல் ஏறி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "அப்பா! கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கடலைப் பார்க்கலாம் என்று போன நாங்கள், கடலையைப் பார்த்து, இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வீடு வந்து சேர்ந்ததும் என் தகப்பனார், "கடலைப் பார்க்க வேண்டுமென்றால், கடல் தனியாக இருக்கும் இடத்துக்கல்லவா போக வேண்டும்? கோடிக்கரைக்குப் போவோம்" என்றார். என் சகதர்மிணி உடனே ஆமோதித்தாள். மாமனாரும் மருமகளும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டால் பிறகு வீட்டு எஜமானனுக்கு அங்கே என்ன வேலை? அடுத்த வாரமே புறப்பட்டோம்.

சோழநாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து நேராகத் தெற்கே வந்து, திடீரென்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல் மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்து முனைதான் கோடிக்கரை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் பாக் ஜலசந்தி. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர் என்றால் போதும். வேறு விலாசம் வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையில் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை சுமார் 11 கிலோமீட்டர் தூரம்.

அகஸ்தியம்பள்ளியை நெருங்கியதும் சாலையின் இரு மருங்கிலும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அவற்றைக் கண்டதும் என் தகப்பனாரின் குரல் கொஞ்சம் மாறிவிட்டது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி தம் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, இந்த உப்பை அள்ளுவதற்காகவே 150 மைல் நடந்து வந்தார். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை ஜில்லா அதிகாரிகள் பயமுறுத்தினார்கள். ஜனங்கள் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்! ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி உப்பை எடுத்தார், சிறைக்குப் போனார். அதன் ஞாபகார்த்தமான ஸ்தூபி அகஸ்தியம்பள்ளியில் நிற்கிறது.

"பார்த்தாயா அம்மா! இந்த ஊர்க்காரர்கள் சத்தம் போடாமலே விருந்து வைத்தவர்கள்" என்று தாத்தா பேத்தியிடம் சொன்னார். அந்த வார்த்தையின் முழு அர்த்தம் எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

கோடிக்கரைக் காட்டைச் சர்க்கார் 1967-ஆம் வருஷம் வனவிலங்குச் சரணாலயமாக்கினார்கள். முக்கியமாக வெளிமான்களைக் காப்பதற்காகவே அது ஏற்பட்டது. வடமொழியில் கிருஷ்ண மிருகம் என்பது இதுதான். காலைப் பொழுதில் புல்வெளியின் ஓரத்தில் வனத்துறைக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தி, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். முறுக்கிய கொம்புகளுடன் கருநிறக் கலைமான் ஒன்று நின்றது. அதன் வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெளுப்பு. பின்னால் பழுப்பு நிறப் பெண்மான்கள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. எங்களில் யார் காலடியிலோ ஒரு சுள்ளி முறிந்தது. அவ்வளவுதான்! பூமியே அவற்றை மேலே எறிவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளின. மறு நிமிஷம் புல்வெளி காலியாகிவிட்டது.

காடு என்றதும் வானளாவிய மரங்களை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கடற்காற்றுக்குப் பணிந்து குட்டையாக வளரும் பாலை மரங்களும் முட்புதர்களும் நிறைந்த காடு இது. கோடையிலும் இலை உதிர்க்காத உலர் காடு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு காலத்தில் பல இடங்களிலும் இருந்தது. இன்று இவ்வளவு பரப்பில் காண்பது அரிது. காட்டின் நடுவில் 'ராமர் பாதம்' என்ற மேடு இருக்கிறது. இந்தப் பிரதேசத்தின் 'மலைச் சிகரம்' அதுதான். உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4 மீட்டர்! மூச்சு வாங்காமல் ஏறிவிட்டேன் என்று என் தகப்பனார் இன்றைக்கும் பெருமையடித்துக் கொள்கிறார்.

மாலையில் சதுப்பு நிலத்தின் கரைக்குப் போனோம். ஆழமில்லாத உப்பு நீர் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருந்தது. அதில் நூற்றுக்கணக்கான பூநாரைகள், நீண்ட கால்களில் நின்று, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் வடிகட்டிக் கொண்டிருந்தன. அவை உண்ணும் சிறு இறால்களிலும் பாசியிலும் உள்ள பொருளே அவற்றின் இறகுக்குச் சிவப்பு ஏற்றுகிறது. கரையோரத்தில் கொசு உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடின. ஒன்றின் எடை 25 கிராம் இருக்கலாம். அந்தக் குஞ்சுப் பறவை வடதுருவத்தை அடுத்த பிரதேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, நம்முடைய பனிக்காலத்துக்கு இங்கே விருந்துக்கு வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் இங்கே பறவைகளின் கால்களில் வளையம் பூட்டி, அவற்றின் யாத்திரையை ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ஆம் வருஷம் இந்த இடம் ராம்சார் ஒப்பந்தத்தின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களில் ஒன்றாயிற்று. தமிழ்நாட்டில் அந்தக் கௌரவத்தை முதலில் அடைந்தது கோடிக்கரைதான்.

அப்போதுதான் ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களோடு ஒரு பாட்டுப்பெட்டியும் இறங்கியது; பாட ஆரம்பித்தது. சதுப்பு நிலம் முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்தது! மடிந்திருந்த சிறகுகள் விரிந்ததும் அவற்றின் உள்ளே ஒளிந்திருந்த செந்நிறமும் கருநிறமும் அந்தி வெயிலில் ஜ்வலித்தன. ஆஹா! அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்? வந்தவர்கள் கை தட்டினார்கள். சொல்லவே வெட்கமாயிருக்கிறது, கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

காவலர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "அது சந்தோஷத்திலே பறக்கலீங்க ஐயா. பயந்து பறக்குது" என்றார்.

என் கைகள் தாமாகவே கீழே இறங்கின. வெகு தூரம் திரும்பிப் போக வேண்டிய பறவை, இங்கே தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அதுதான் அதன் வழிச்சோறு. ஒவ்வொரு முறையும் நாம் அதைக் கிளப்பிவிடும்போது அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு பிடியை அள்ளிக் கொட்டிவிடுகிறோம். நூறு வருஷங்களுக்கு முன் மரக்கிளையில் சோற்றைக் கட்டிவைத்த ஊரில் வந்து நான் செய்த காரியம் இது!

கோடிக்கரைக்கு ஏற்கெனவே உள்ள கஷ்டங்கள் கொஞ்சமல்ல. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கரை கடந்த கஜா புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்களும் மாண்டன. சீமைக் கருவேல் புல்வெளியை விழுங்கி வருகிறது. அதன் காய் தித்திப்பு. காட்டில் கட்டுப்பாடின்றித் திரியும் மட்டக் குதிரைகள் அதைத் தின்று, சாணத்தின் வழியாக விதையைக் காடெங்கும் தூவி விடுகின்றன. புயலைத் தடுக்க நம்மால் ஆகாது. குதிரைக்குப் புத்தி சொல்லவும் ஆகாது. நமக்கு நாமே புத்தி சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

கூட்டத்துக்குப் பயந்து அமைதியைத் தேடிப் போகும் நாம், கூட்டத்தையே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனால் அங்கேயும் மெரீனாதான் இருக்கும். கடலை வண்டி ஒன்றுதான் பாக்கி. ஆகையால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். தை, ஆடி அமாவாசைகளில் இங்கே தீர்த்தமாட வரும் ஜனங்கள் திரளாக இருப்பார்கள். தனிமையை நாடுகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று கொண்டுபோனால், பறவையை நெருங்காமலே பறவை நம்மை நெருங்கும். மங்கலான நிறத்தில் உடை உடுத்துங்கள். பிளாஸ்டிக் பைகளையும் பாட்டுப்பெட்டியையும் வீட்டிலேயே பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். இதே விதிகள் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் பொருந்தும்.

இருட்டுவதற்குள் பூநாரைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்து இறங்கின. அந்த மௌனத்தில் எங்கிருந்தோ 'ஓ' என்று ஓர் ஓசை வந்தது. என் பெண் என் காதருகில் வந்து, "அப்பா, அது என்ன சத்தம்?" என்று ரகசியமாகக் கேட்டாள். அதுதான் கடல் என்றேன்.

ரயில் ஏறிய பிறகும் அவள் ரகசியக் குரலிலேயே பேசிக்கொண்டு வந்தாள். வீடு திரும்பிய பின் ஒரு வாரம் வரையில் எங்கள் எல்லோருடைய குரலும் தாழ்ந்தே இருந்தது. எங்கள் வீட்டில் ஏதோ பெரிய சண்டை என்று அடுத்த வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்களாம்!