வண்டிக்கு அடியில ஆயில் கறையா? பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க



வழக்கமா எஸ்ஐபி, இன்சூரன்ஸ், கடன்னு பேசுற இடத்துல இன்னைக்கு ஒரு பழைய புல்லட்டைப் பத்திப் பேசப் போறோம். காரணம் இருக்கு. என் அவசரகால நிதியிலிருந்து 22,000 ரூபாய் போக வேண்டியது, கடைசி நேரத்துல தப்பிச்சுது.

நான் வேலை பார்க்கிறது வல்லம் வடகால் சிப்காட்டில். 2017-ல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை திறந்த அதே இடம். ஆனா என் வண்டி அங்கே செஞ்சது இல்லை. அப்பா ஓட்டின, திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட். ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் நான் கம்பெனி பஸ்ஸுக்கு மாறிடுவேன். வண்டி தார்ப்பாய்க்குள்ள போயிடும். மறுபடி வெளியே வர்றது பொங்கலுக்குத்தான்.

நடந்தது என்ன?

போன பொங்கலுக்குத் தார்ப்பாயை எடுத்தா, தரையில உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா ஆயில் கம்மி. ‘எல்லாம் ஒழுகிடுச்சு போல’னு ஒரு லிட்டர் புது ஆயில் ஊத்தினேன். கிக்கரை மிதிச்சதும் ஒரே புகை. பிரீதர் குழாய் வழியா ஆயில் கொட்டுது.

முதல்ல பார்த்த மெக்கானிக், "இன்ஜினைப் பிரிக்கணும் தம்பி, 22,000 ஆகும்"னார். அப்பாவோட வண்டியாச்சே, நானும் சரின்னு சொல்லிட்டேன். மறுநாள் பணம் எடுக்கக் கிளம்பும்போதுதான் சித்தப்பா, "முதல்ல எங்கேயிருந்து ஒழுகுதுன்னு பார்த்தியாடா?"ன்னு கேட்டார். நான் பார்க்கவே இல்லை.

ஆயில் எங்கே போச்சு?

இந்தப் பழைய இன்ஜினில் ஆயில் தொட்டி வேற, கிராங்க் சுத்துற அறை வேற. ரெண்டும் ஒரே வார்ப்புக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒரு பம்ப் தொட்டியிலிருந்து ஆயிலை அனுப்பும், இன்னொரு பம்ப் அதைத் தொட்டிக்கே திருப்பிக் கொண்டுவரும். வண்டி வாரக்கணக்கில் நின்னா, ஆயில் பம்ப் வழியா மெதுவா கசிஞ்சு கிராங்க் அறைக்குள்ள இறங்கிடும். டிப்ஸ்டிக் அளக்கிறது தொட்டியை மட்டும்தான்.

அதாவது பெரும்பாலான ஆயில் வெளியே போகவே இல்லை, இன்ஜினுக்குள்ளேயே இடம் மாறியிருக்கு. அதுக்கு மேல நான் ஒரு லிட்டர் ஊத்தினேன். மிச்சம் பிரீதர் வழியா வெளியே வந்தது. தப்பு வண்டி மேல இல்லை, என் மேலதான்.

அதனால ரொம்ப நாள் நின்ன வண்டியில டிப்ஸ்டிக்கைப் பார்த்து உடனே ஆயில் ஊத்தாதீங்க. கிக்கர் வழக்கத்தை விட கனமா இருந்தா, கிராங்க் அறைக்குத் தனியா இருக்கிற டிரெயின் நட்டைத் திறந்து அந்த ஆயிலை வடிச்சுடுங்க. வடிச்ச அளவுக்குப் புது ஆயிலைத் தொட்டியில ஊத்துங்க. கனமா இல்லைன்னா ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம் அளவு பாருங்க.

செலவே இல்லாத ஒரு மணி நேரச் சோதனை

1. இன்ஜின் ஆறின பிறகு டீசலும் பிரஷ்ஷும் வச்சுச் சுத்தமா கழுவுங்க. அப்புறம் சோப்புத் தண்ணி. நல்லா காயட்டும். டீசல் ஈரம் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீங்க.
2. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில ஒரு அட்டையை விரிச்சு, சக்கரம் இருக்கிற இடத்தை அதுல குறிச்சு வைங்க.
3. சந்தேகப்படுற இணைப்புகள் மேல முகப் பவுடரைத் தூவுங்க.
4. பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. பவுடர் எங்கே நனைஞ்சிருக்குன்னு பாருங்க.

சொட்டு விழுற இடம் ஒழுகுற இடம் இல்லை. ஆயில் கீழே வழியும், ஓட்டும்போது காத்துல பின்னாடியும் போகும். அதனால நனைஞ்ச இடங்கள்லேயே மேலேயும் முன்னாடியும் இருக்கிறதுதான் ஆரம்பம். ராக்கர் கவரில் கசிஞ்சா, கீழ்ப்பகுதி முழுக்க ஒழுகுற மாதிரிதான் தெரியும்.

இன்னொன்னு, இந்த வண்டியில இன்ஜின், கிளட்ச் பக்கத்து செயின் கேஸ், கியர்பாக்ஸ் மூணுக்கும் தனித்தனியா ஆயில். செயின் கேஸ் கவரை நடுவுல இருக்கிற ஒரே நட்டுதான் பிடிச்சிருக்கு. ‘ஒழுகுதே’ன்னு அதை மேலும் மேலும் முறுக்கினா கவர் வளைஞ்சு இன்னும் ஒழுகும். மாத்த வேண்டியது அதோட ரப்பர் சீலை.

மலிவானதிலிருந்து ஆரம்பிங்க

முதல்ல ஆயில் அளவு. அடுத்து பிரீதர் ரப்பர். அது கெட்டியாயிட்டா உள்ளே அழுத்தம் கூடி, நல்லா இருக்கிற கேஸ்கெட்டும் கசிய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் கேஸ்கெட், சீல். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திட்டு, மறுபடி பவுடர் சோதனை பண்ணுங்க.

எனக்கு ஆன செலவு: பிரீதர் ரப்பர், ராக்கர் கவர் கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 940 ரூபாய்.

இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம்னு நான் சொல்லலை. அளவு சரியான பிறகும் நீலப்புகை நிக்கலை, கம்ப்ரஷன் இல்லை, வடிச்ச ஆயிலில் இரும்புத் துகள் இருக்குன்னா தாராளமா பிரிங்க. பின் டயரில் ஆயில் பட்டிருந்தா, சரி பண்ற வரைக்கும் ஓட்டவே ஓட்டாதீங்க. மழை ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்துல சறுக்கினா, அது பணக் கணக்கோட போகாது.

இப்போ நம்ம சப்ஜெக்ட்

‘இன்சூரன்ஸ் இருக்கே’ன்னு நினைக்காதீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏத்துக்காது.

பழைய வண்டி வச்சிருந்தா செலவு வரும்னு நமக்கே தெரியும். தெரிஞ்சு வர்ற செலவுக்கு அவசரகால நிதியைத் தொடக் கூடாது. அது வேலை போனா, உடம்பு முடியாம போனா எடுக்கிற பணம். வண்டிக்குத் தனியா மாசம் 500 ரூபாய் ஆர்டி போடுங்க. வட்டி சேர்க்காமலே 3 வருஷத்துல 18,000 ரூபாய் நிக்கும். நிஜமாவே இன்ஜின் பிரிக்க வேண்டி வந்தா, அன்னைக்குக் கை நடுங்காது.

யாராவது பெரிய தொகை சொன்னா, வண்டியோ வீட்டு மராமத்தோ, "எங்கேயிருந்து ஒழுகுது, காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. காட்ட முடியலைன்னா பணத்தை வெளியே எடுக்காதீங்க.

பவுடர் சோதனையை முழுசா வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன். பார்த்துட்டு, மழைக்கு முன்னாடி உங்க வண்டியையும் ஒரு தடவை பாருங்க.