கறள் ஏறிய பிறேக்குக் குழாயும் மலைநாட்டுச் சரிவும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் ஓட்டுவோர் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாததும், அவர்தம் உயிரைத் தாங்கி நிற்பதுமான ஒன்று பிறேக்குக் குழாய். எழுதுகோலினும் மெல்லிய அவ்வுருக்குக் குழாயின் புறவிட்டம் 3/16 அங்குலம். அதாவது ஏறத்தாழ 4.75 மில்லிமீற்றர். சுவரின் தடிப்போ 0.7 மில்லிமீற்றர் அளவே. சேறும் நீரும் தெறிக்கும் அடித்தளத்தை ஒட்டி, வண்டியின் முன்புறத்திலிருந்து பின்னச்சு வரை அது செல்கின்றது. பழைய வண்டியொன்றில் இக்குழாய் கறள் பிடித்திருக்கக் கண்டால், அதனைச் செப்பனிடுவதா, சிறிது காலம் பொறுத்துப் பார்ப்பதா, அன்றி வண்டியையே கைவிடுவதா என்னும் வினா எழுகின்றது. சமநிலத்தில் வாழ்வோர்க்கு இது பெரும்பாலும் பணத்தைப் பற்றிய வினா. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோர்க்கு இது முதலிற் சரிவைப் பற்றிய வினா என்பதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எல்லாத் திசையிலும் குறைவின்றிப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. அவ்வுண்மையைக் கொண்டு வண்டியை நிறுத்தும் முறைக்கு 1917இல் அமெரிக்கரான மல்கம் லொக்கீட் காப்புரிமை பெற்றார். ஓட்டுவோர் மிதியை அழுத்த, தலைமை உருளையிலுள்ள முசலம் எண்ணெயைத் தள்ளுகின்றது. அவ்வமுக்கம் குழாய்வழியே சென்று சில்லுகளின் பிறேக்குக் கட்டைகளை அகட்டுகின்றது. ரயரில் உள்ள காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தல் அளவினது. அவசரத்திலே மிதியை ஓங்கி மிதிக்கும்போது பிறேக்குக் குழாயினுள் எழும் அமுக்கமோ ஆயிரம் இறாத்தலை எட்டவுங்கூடும். மெல்ல மிதிக்கும்போது தாங்கும் நைந்த குழாய், உயிருக்கு அஞ்சி மிதிக்கும் அந்நொடியிலேயே வெடிப்பதற்குக் காரணம் இதுவே. நேற்றுவரை பிறேக்கு நன்றாகப் பிடித்தது என்னும் சான்று, இன்று மிகுதியாக மிதிக்க நேரும்போது செல்லாத சான்றாகிவிடுகின்றது.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பெற்ற மொறிஸ் மைனரும், அதன் காலத்து ஒஸ்ரின், ஹில்மன் வண்டிகளும் ஒற்றைச் சுற்றுப் பிறேக்கு உடையன. நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்த் தொடர். எங்கே ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். பிற்கால வண்டிகளிலே சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று போயினும் மற்றையது பாதிப் பிடியையேனும் தரும். ஆதலின், தம் வண்டியின் தலைமை உருளை ஒற்றையா இரட்டையா என்பதை உரிமையாளர் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒற்றைச் சுற்று வண்டியில் எஞ்சுவது கம்பியால் இயங்கும் கைப்பிறேக்கு ஒன்றே. அது பின்சில்லுகளை மட்டும் பிடிப்பது. நின்ற வண்டியை நிறுத்திவைப்பதற்கென அமைந்தது. ஆட்கள் நிறைந்த வண்டியை நெடுஞ்சரிவில் அடக்குதற்குப் போதாது.

இனிச் சரிவின் கணக்கைப் பார்ப்போம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. றம்பொடை வழியாக இறங்கிச் சேரும் கம்பளை சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆட்களுடன் 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று இவ்வழி இறங்கும்போது ஏறத்தாழ 135 இலட்சம் யூல் சக்தியை இழத்தல் வேண்டும். அது நாற்பது லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பம். காற்றும் இயந்திரமும் ஏற்பது போக எஞ்சியதெல்லாம் பிறேக்கிலே சேருகின்றது. “நான் மெதுவாகத்தானே ஓட்டுகின்றேன்” என்று ஆறுதல் கொள்வோர் பலர். மெதுவாக ஓட்டுதல் நன்றே. ஆயினும் இறங்கிய உயரம் ஒன்றேயாதலின், அவ்வுயரம் கொடுக்கும் சக்தி வேகத்தாற் குறைவதில்லை. குறைந்த கியரிலே இறங்குவோர் அதன் பெரும் பங்கை இயந்திரத்தின்மேற் சுமத்துகின்றனர் என்பதே வேறுபாடு. மேற்கியரில் இறங்கும்போது குழாய் வெடித்தால், பழைய மொறிஸ் வண்டியை ஓட்டத்திலேயே முதற் கியருக்குக் கொண்டுவருதல் எத்துணைக் கடினம் என்பதை அதனை ஓட்டியவர் அறிவர்.

இவ்வீதிகளின் கடுமைக்குச் சான்று தேடிச் செல்லவேண்டியதில்லை. 2023 சனவரி 20இல் நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள றதெல்லக் குறுக்கு வீதியிலே சுற்றுலாப் பேருந்து ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு உயிர்கள் மறைந்தன. அதன் காரணத்தை ஆராய்தல் நம் நோக்கமன்று. சரிவில் அடங்காத வண்டியால் அதில் இருப்போர்க்கு மட்டுமன்றி எதிரே வருவோர்க்கும் கேடு நேரும் என்பதற்கே ஈண்டுக் குறித்தோம்.

கறள் எங்ஙனம் வருகின்றது? இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் கூடின் கறள் உண்டாகும். உப்பு சேரின் விரையும். பிரித்தானியாவிலும் யப்பானின் வடபுலத்திலும் பனியை உருக்க வீதிகளில் உப்பு இடுவர். நம் மலைநாட்டில் அவ்வழக்கமில்லை. ஆயினும் அத்தகைய நாடுகளில் ஓடிப் பழையனவாய் இறக்குமதியான வண்டிகள் அந்நோயைத் தம்முடன் கொண்டுவந்திருத்தல் கூடும். யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் நெடுங்காலம் நின்று பின்னர் மலையேறிய கார்களும் அத்தகையனவே. மலைநாட்டுக்கு உரியதெனச் சொல்லத்தக்கது ஈரம். ஹற்றனுக்குக் கீழே உள்ள வட்டவளை ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது. தீவின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. மழை விட்டாலும் மூடுபனி விடுவதில்லை. தோட்டத்து மண்வீதிச் சேறு பின்னச்சின் மேலும், குழாயைப் பிணிக்கும் தகட்டுக் கொளுவிகளின் இடுக்கிலும் அப்பிக்கொண்டு பல நாள் உலராது கிடக்கும். தேயிலைக்கு இடும் அமோனியம் சல்பேற்று உரத்தை ஏற்றிய வண்டியாயின் கேடு இன்னும் விரையும். அவ்வுரம் நீரிற் கரைந்து இரும்பை அரிக்கும் இயல்பினது. உரமூடைகளை ஏற்றியபின் அடித்தளத்தை நன்னீராற் கழுவும் வழக்கம் எல்லாத் தோட்டங்களிலும் பரவுதல் நலம்.

உட்புறத்துக் கறளைப் பற்றி நினைப்போர் குறைவு. பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையதாதல் வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்ந்தபின் அத்தரம் கோருவது 140 பாகையே. நெடுஞ்சரிவில் அவ்வெண்ணெய் கொதித்து ஆவியாகின், குழாய் வெடியாமலே மிதி தரையைத் தொடும். ஆதலின் ஈரண்டுக்கொரு முறை எண்ணெய் மாற்றாதவர் குழாயை மட்டும் மாற்றிப் பயன் சிறிதே.

சோதித்தல் அரிதன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அணை வைத்து, மிதியை ஒரு நிமிடம் ஓங்கி மிதித்திருக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லத் தாழின் எங்கோ கசிவு உண்டு, அல்லது தலைமை உருளையின் இறப்பர் தேய்ந்துளது. தாழாதிருத்தல் மட்டும் குழாய் நலமென்பதற்குச் சான்றாகாது. பின்னர் வண்டியின் கீழ்ப் படுத்து, ஒவ்வொரு கொளுவியையும் கழற்றிச் சேற்றைத் துடைத்து, குழாயை விரல்நகத்தாற் தடவிப் பார்த்தல் வேண்டும். மேற்பரப்பில் நிறம் மட்டும் மாறி வழுவழுப்பாயிருப்பின், துடைத்துக் கிறீசு பூசி, சில மாதங்களில் மீண்டும் பார்க்கலாம். நகம் குழியில் விழுந்தாலும் செதிள் உரிந்தாலும் குழாய் பயனற்றது. இரும்பிலும் அதன் கறள் இரு மடங்குக்கு மேல் இடம் கொள்வதாதலின், உள்ளே மெலிந்த குழாய் வெளியே பருத்துத் தோன்றும். பருமனைக் கண்டு வலிமை என மயங்கலாகாது. செதிளைச் சுரண்டியபின் அவ்வண்டியைச் சரிவில் இறக்குதல் எவ்வாற்றானும் தகாது. கசிவை அதுவரை தடுத்துநின்றது அச்செதிளாகவே இருத்தலுங் கூடும்.

ஒரு குழாய் போயிற்று. மற்றையவற்றை என் செய்வது? அவையும் அதே ஆண்டில் அதே உருக்காற் செய்யப்பெற்று, அதே சேற்றிற் கிடந்தவை. ஒன்றை மாற்றிப் புதிய வலிமை கொடுத்தால், அடுத்து வெடிப்பது அதன் அயலது. சமநிலத்து ஊரில் ஒன்றொன்றாக மாற்றுதலை ஒருவர் சிக்கனம் எனலாம். கினிகத்தேனை வளைவுகளில் அதனைச் சிக்கனம் என யாம் ஒப்போம். குழாயின் விலை சிறிது. பணம் விழுங்குவது வேலைக்கூலி. வண்டியைத் தூக்கி எண்ணெயை வடித்த அன்றே அனைத்தையும் மாற்றுதல் கூலியையும் மிச்சப்படுத்தும்.

“இப்பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா?” என்பது மற்றொரு தடை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது; அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டியின் பெறுமதி எங்ஙனம் ஏறிற்று என்பதை யாவரும் அறிவர். ஆகவே விலையை ஒப்பிட்டாலும் செப்பனிடுதலே பெரும்பாலும் பொருந்தும். ஆயின் விலையை அளவுகோலாகக் கொள்வதே பிழை என்பது எம் கருத்து. தோட்டத்திலே ஆசிரியரோ உத்தியோகத்தரோ வைத்திருக்கும் காரை அவருக்கு மட்டும் உரியதெனக் கொள்ளலாகாது. நள்ளிரவிலே பேறுகால நோவு கண்ட அயல் லயத்துப் பெண்ணை டிக்கோயாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ கொண்டுசெல்வதும் அதுவே. அவ்வேளையில் ஓட்டுவோர் வேகமாகச் செல்வார், ஓங்கி மிதிப்பார். வண்டி என்ன விலை போகும் என்பதற்கன்று, அது இறங்கவேண்டிய மிகச் செங்குத்தான வீதி எது என்பதற்கே குழாய் தகுதியாதல் வேண்டும். நம் நாட்டில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது. பிறேக்குக்கு அத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. பிரித்தானியாவில் பத்தாண்டு கடந்த வண்டிகளுக்குப் பிறேக்குச் சோதனை 1960இலேயே விதிக்கப்பட்டது. இங்கே முடிவு உரிமையாளரின் மனச்சான்றின்மேல் நிற்கின்றது.

கைவிடத்தக்க வண்டியும் உண்டு. குழாயைப் பிணித்த அடிச்சட்டமும், பின்வில் பொருந்தும் இடமும் கையால் அழுத்தப் பொடிந்தால், புதுக் குழாயைப் பிணிக்க உறுதியான இடமே இல்லை. அங்கே செலவு செய்தல் வீண்.

செப்பனிடும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். வெடித்த துண்டை அறுத்து இறப்பர்க் குழாய் செருகி வளையத்தால் இறுக்குதல், எண்ணெய்க் குழாய்க்கு உரிய இணைப்புக்களைப் பொருத்துதல், ஒரு சில்லுக்குரிய குழாயைச் சுத்தியலால் நசுக்கி அடைத்தல் ஆகியன வழியோரத்திற் காணப்படும் செயல்கள். நசுக்கி அடைத்த வண்டி பிறேக்குப் பிடிக்கையில் ஒருபுறம் இழுக்கும். பள்ளத்தின் விளிம்பிலே அஃது எப்புறம் என்பதே வினா. தூய செப்புக் குழாய் எளிதில் வளையுமாயினும் அதிர்வினால் இறுகி விரிசல் காணும். செம்பொடு பத்துப் பங்கு நிக்கல் சேர்ந்த கலவைக் குழாய் கறள் பிடிப்பதில்லை. வொல்வோ நிறுவனத்தார் 1970களிலேயே அதனைக் கையாண்டனர். முனையை உரிய கருவியால், பழைய முனை எவ்வாறு இருந்ததோ அவ்வாறே விரித்தல் வேண்டும். ஆங்கில வண்டிகளின் இணைப்பு ஆணி 3/8 அங்குலம். யப்பானிய வண்டிகளினது 10 மில்லிமீற்றர். இரண்டின் புரிகளும் ஏறத்தாழ ஒத்திருத்தலால் சிறியது பெரியதனுள் தளர்வாக ஏறிப் பொருந்தியதுபோற் காட்டும். அமுக்கம் ஏறும்போது கழன்றுவிடும். இதனைக் கராஜ் பாஸிடம் கேட்டு உறுதிசெய்தல் நாணத்தக்கதன்று.

குழாய்கள் பொருந்தியபின், பழைய வண்டிகளில் தலைமை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுவர். முதல் ஓட்டம் சமதரையில், அடுத்தது ஏற்றத்தில், இறக்கம் அதன் பின்னரே. ஒரு வாரம் கழிந்து, உலர்ந்த துணியால் ஒவ்வோர் இணைப்பையும் துடைத்து ஈரம் உண்டா எனப் பார்த்தபின், றம்பொடையை நோக்கிப் புறப்படலாம்.